சம்பளச் சீட்டில் இயற்கணிதம்

தெரியாத ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்து, தெரிந்த எண்களோடு அதற்கு உள்ள உறவை ஒரு வரியில் எழுதி, அந்த வரியிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்கும் முறைதான் இயற்கணிதம். அப்படி எழுதிய வரிக்குச் சமன்பாடு என்று பெயர். சமக்குறியின் இந்தப் பக்கம் செய்ததை அந்தப் பக்கமும் செய்ய வேண்டும் என்பது அதன் ஒரே சட்டம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தவருக்கு இதற்கு மேல் புதிதாகக் கற்க வேண்டியது மிகக் குறைவு.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நேரிய சமன்பாடு, ஒருங்கமை சமன்பாடுகள், இருபடிச் சமன்பாடு, வரைபடம் எல்லாம் பத்தாம் வகுப்புக்குள் வந்துவிடுகின்றன. பொதுத் தேர்வில் வரைபடக் கேள்விக்கு எட்டு மதிப்பெண். பலரும் அந்த மதிப்பெண்ணை வாங்கியதோடு வரைபடத் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்தத் தாள் உண்மையில் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான், முதல் சம்பளம் கைக்கு வரும் நாளில்.

அந்த நாள் பலருக்கு வருவது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள ஒரகடத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் டைம்லரின் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் வந்தன. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பெருகின. ஐ.டி.ஐ.யும் டிப்ளமாவும் முடித்த இளைஞர்கள் இந்தப் பகுதிக்கு வந்து அறை எடுத்துத் தங்கி, ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கைக்குப் பணம் சம்பளச் சீட்டு வழியாக வருகிறது. வாடகை, கரண்ட் பில், மெஸ், வண்டித் தவணை, சீட்டு, நகை என்று பல வழிகளில் போகிறது. இந்த வழிகள் ஒவ்வொன்றும் ஒரு சமன்பாடு.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. விழுக்காடு எப்போதும் பெரிய எழுத்தில் கண்ணில் படும். அந்த விழுக்காடு எந்தத் தொகையின் மீது, எத்தனை காலத்துக்குக் கணக்கிடப்படுகிறது என்பது பெரும்பாலும் கண்ணில் படாது. சமன்பாடு எழுத உட்கார்ந்தால் விழுக்காட்டோடு அடித்தொகையையும் எழுதியே ஆக வேண்டும். பணக் கணக்கில் இயற்கணிதத்தின் முதற்பயன் அதுதான்.

ஒரு மாறி: பிடித்தம் போக மீதி

சம்பளச் சீட்டில் மூன்று எண்கள் முக்கியம்: மொத்தச் சம்பளம், பிடித்தம், கைக்கு வருவது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கு, அதாவது பி.எஃப்.புக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவருக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தமும் உண்டு, 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. முதல் பிடித்தத்தின் அடித்தொகை வேறு, இரண்டாவதன் அடித்தொகை வேறு.

மொத்தச் சம்பளம் 20,000 ரூபாய், அதில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் 150, வேறு பிடித்தம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 'அ' என்று எழுதினால்:

கைக்கு வருவது = 20,000 − 150 − 0.12 × அ

ஒருவருக்குக் கைக்கு 18,290 ரூபாய் வருகிறது. அடிப்படை எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. அப்போது 0.12 × அ = 19,850 − 18,290 = 1,560. இரண்டு பக்கத்தையும் 0.12ஆல் வகுத்தால் அ = 13,000. சீட்டில் எழுதாமல் விட்டிருந்தாலும் அந்த எண் வெளியே வந்துவிடுகிறது.

அதே 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் அடிப்படையை 15,000 என்று வைத்தால் பி.எஃப். 1,800, கைக்கு வருவது 18,050. அடிப்படையை 10,000 ஆக்கினால் பி.எஃப். 1,200, கைக்கு 18,650. இரண்டாவது சீட்டு மாதம் 600 ரூபாய் கூடுதலாகத் தருவது போலத் தெரிகிறது. ஆனால் தொழிலாளி கட்டும் அளவுக்கே முதலாளியும் கட்ட வேண்டும் என்பதால் அவர் பங்கிலும் 600 குறைகிறது. கைக்கு 600 கூடும்போது ஓய்வுக்காலச் சேமிப்பில் மாதம் 1,200 ரூபாய், ஆண்டுக்கு 14,400 ரூபாய் சேராமல் போகிறது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு இதற்கு ஒரு வரம்பு கட்டியது: ஊதியக் கணக்கில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். இயற்கணிதத்தில் இதற்கு அசமன்பாடு என்று பெயர்.

வரவை மிகை எண்ணாகவும் கடனைக் குறை எண்ணாகவும் காட்டும் வழக்கத்துக்கு இந்தியாவில் நீண்ட வரலாறு உண்டு. 628இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்து, அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் விதிகளைத் தந்தார். குறை எண் என்ற கருத்து இங்கே கடன் கணக்கோடு சேர்ந்தே வளர்ந்தது.

பணிக்கொடைக் கணக்கும் ஒரு மாறிச் சமன்பாடுதான். 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த சூத்திரப்படி, கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஊதியம் 15,600 என்றால் ஒரு நாளுக்கு 600, ஓர் ஆண்டுக்கு 9,000, ஆறு ஆண்டுக்கு 54,000. மாதத்தை 30 நாளாக வைத்து வகுத்தால் ஒரு நாளுக்கு 520, ஆறு ஆண்டுக்கு 46,800 என்று குறைந்துவிடும். வகுக்கும் எண் 26 என்பது தெரியாதவருக்கு இங்கே 7,200 ரூபாய் இழப்பு.

இரண்டு மாறி: இரண்டு மாதச் சீட்டு

தெரியாத எண்கள் இரண்டு இருந்தால் ஒரு சமன்பாடு போதாது, இரண்டு வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சில இடங்களில் மொத்தத் தொகை மட்டும் வங்கிக் கணக்கில் வருகிறது. நாள் கூலி எவ்வளவு, ஓவர்டைம் மணிக்கு எவ்வளவு என்ற பிரிவு இருக்காது. இரண்டு மாத வருகைக் குறிப்பு கையில் இருந்தால் அந்தப் பிரிவைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு தொழிலாளி முதல் மாதம் 26 நாள் வேலையும் 20 மணி ஓவர்டைமும் பார்த்து 16,360 ரூபாய் பெறுகிறார். அடுத்த மாதம் 24 நாளும் 36 மணியும் பார்த்து 16,680 ரூபாய் பெறுகிறார். இரண்டும் பிடித்தத்துக்கு முந்திய தொகைகள். நாள் கூலியை 'ந' என்றும், ஓவர்டைம் மணிக்கூலியை 'ம' என்றும் வைத்தால்:

26ந + 20ம = 16,360
24ந + 36ம = 16,680

முதல் வரியை 2ஆல் வகுத்தால் 13ந + 10ம = 8,180. இரண்டாம் வரியை 12ஆல் வகுத்தால் 2ந + 3ம = 1,390. நீக்கல் முறைப்படி 'ம'வின் கெழு இரண்டு வரியிலும் ஒன்றாக வேண்டும். முதல் வரியை மூன்றாலும் இரண்டாம் வரியைப் பத்தாலும் பெருக்கினால்:

39ந + 30ம = 24,540
20ந + 30ம = 13,900

மேலதிலிருந்து கீழதைக் கழித்தால் 19ந = 10,640; ஆகவே ந = 560. இதை 2ந + 3ம = 1,390 என்ற வரியில் பிரதியிட்டால் 3ம = 270; ம = 90. முதல் வரியில் வைத்துச் சரிபார்த்தால் 14,560 + 1,800 = 16,360. விடை சரி.

இனிமேல்தான் இந்த விடைக்கு அர்த்தம் வருகிறது. எட்டு மணி நேரத்துக்கு 560 என்றால் ஒரு மணிக்கு 70 ரூபாய். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, நாளுக்கு ஒன்பது மணி அல்லது வாரத்துக்கு 48 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு வழக்கமான ஊதியத்தைப் போல இரு மடங்கு தர வேண்டும் என்று வகுத்தது. இரண்டு மாதமும் சேர்ந்து அவர் பார்த்த 56 மணியும் அந்த வரம்புக்கு மேற்பட்டவை என்றால் மணிக்கு 140 ரூபாய் வந்திருக்க வேண்டும், வந்தது 90. மணிக்கு 50 வீதம் இரண்டு மாதத்தில் குறைந்தது 2,800 ரூபாய். ஒன்பதாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய கணக்கு இது. ஆனால் இதைப் போட்டுப் பார்த்த தொழிலாளி மேற்பார்வையாளரிடம் பேசப் போகும்போது வெறும் சந்தேகத்தோடு போவதில்லை. கையில் எண்ணோடு போகிறார்.

வரைபடம்: இரண்டு கோடுகள் வெட்டும் இடம்

சமன்பாட்டைக் கோடாக வரையும் முறையை 1637இல் பிரான்சு நாட்டு அறிஞர் டெக்கார்ட்டின் வடிவியல் நூல் உலகுக்குப் பரவலாக்கியது. கிடை அச்சில் ஓர் அளவு, செங்குத்து அச்சில் இன்னோர் அளவு, இரண்டும் சந்திக்கும் ஆதிப்புள்ளி, இவ்வளவுதான் ஏற்பாடு. கோட்டின் சாய்வு ஒவ்வோர் அலகுக்கும் கூடும் செலவைச் சொல்கிறது. செங்குத்து அச்சைக் கோடு வெட்டும் இடம், எதையும் பயன்படுத்தாமலே கட்ட வேண்டிய தொகையைச் சொல்கிறது.

மெஸ் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாப்பாடு 60 ரூபாய். மாதக் கணக்கு வைத்தால் 3,000 ரூபாய் என்று கொள்வோம். கிடை அச்சில் சாப்பாட்டின் எண்ணிக்கையும் செங்குத்து அச்சில் ரூபாயும் குறித்தால், தனித்தனியாக வாங்குவதன் கோடு ஆதிப்புள்ளியில் தொடங்கி 60 என்ற சாய்வோடு ஏறும். மாதக் கணக்கின் கோடு 3,000 என்ற உயரத்தில் படுக்கையாக ஓடும். 60 × ச = 3,000 என்றால் ச = 50; ஐம்பதாவது சாப்பாட்டில் இரண்டு கோடுகளும் வெட்டுகின்றன. அதற்கு இடப்புறம் தனியாக வாங்குவது லாபம், வலப்புறம் மாதக் கணக்கு லாபம்.

மாதத்துக்கு 60 சாப்பாடு தேவை என்று பார்த்தால் மாதக் கணக்கே நல்லது என்று தோன்றும். ஆனால் 26 வேலை நாளில் நாளுக்கு ஒரு வேளை தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிடுபவருக்கு வெளியே தேவைப்படுவது 34 வேளைதான். அதற்கு 2,040 ரூபாய் ஆகும். மாதக் கணக்கு வைத்தால் 960 ரூபாய் வீண். விலை இரண்டும் மாறவில்லை. தன் நிலை கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்ததில்தான் முடிவு மாறியது.

உடைந்த கோடு: மின்கட்டணம்

எல்லாக் கட்டணமும் ஒரே நேர்கோடாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் துண்டு துண்டான கோடு. விகிதங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதங்களை வைத்து வரைந்து பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை பயன்படுத்துபவருக்கு முதல் 100 யூனிட் இலவசம்; 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டியவருக்கு 101 முதல் 400 வரை முழுவதும் 4.50, 500 வரை 6, அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய்.

வரைபடத் தாளில் கிடை அச்சில் ஒரு செ.மீ.க்கு 100 யூனிட், செங்குத்து அச்சில் ஒரு செ.மீ.க்கு 250 ரூபாய் என்று அளவுத்திட்டம் எடுத்துக்கொள்ளலாம். முதல் 100 யூனிட் வரை கோடு தரையோடு கிடக்கும். 200 யூனிட்டில் 225 ரூபாய், அதாவது 0.9 செ.மீ. உயரம். 400 யூனிட்டில் 1,125 ரூபாய், 4.5 செ.மீ. 500 யூனிட்டில் 1,725 ரூபாய், 6.9 செ.மீ. இதுவரை கோடு வளைந்து வளைந்து ஏறினாலும் அறுபடவில்லை.

501ஆவது யூனிட்டில் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. 300 யூனிட்டுக்கு 4.50 வீதம் 1,350, அடுத்த 100க்கு 600, கடைசி ஒன்றுக்கு 8. மொத்தம் 1,958 ரூபாய். ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது. காரணத்தையும் பிரித்துப் பார்க்கலாம்: 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை நூறு யூனிட்டுக்கும் பறிபோவதால் 225. கடைசி யூனிட்டின் விலை 8.

ஒரு வீட்டில் நான்கு பேர் தங்கி இரண்டு மாதத்தில் 520 யூனிட் செலவழித்தால் பில் 2,110 ரூபாய். 20 யூனிட் குறைத்திருந்தால் 1,725. அந்த இருபது யூனிட்டின் விலை 385 ரூபாய், யூனிட்டுக்கு 19 ரூபாய் 25 காசு. கட்டண அட்டையில் எங்கேயும் அப்படி ஒரு விலை கிடையாது. வரைபடத்தில் மட்டும்தான் அது தெரியும். இரண்டு மாதம் முடியும் தறுவாயில் மீட்டரை ஒரு முறை பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

வாடகை அறைகளில் இன்னொரு கணக்கும் உண்டு. உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் வாங்குகிறார் என்று கொள்வோம். இரண்டு மாதத்தில் 150 யூனிட் செலவழிக்கும் அறைக்கு 1,200 ரூபாய். அதே அறைக்குத் தனி இணைப்பு இருந்து, மேற்கண்ட விகிதப்படி கட்டியிருந்தால் 112 ரூபாய் 50 காசு. அறை பார்க்கப் போகும்போது வாடகையோடு மின் இணைப்பு தனியா, பொதுவா என்பதையும் கேட்க வேண்டும்.

வட்டி: செவ்வகமும் முக்கோணமும்

தமிழ்நாட்டில் கைமாற்றுக் கடனுக்கு வட்டியை மாதக் கணக்கில் பேசுவார்கள். 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. வங்கி ஆண்டுக் கணக்கில் பேசுகிறது. 'ரெண்டு' என்பதும் 'பன்னிரண்டு' என்பதும் காதில் விழும்போது முதலாவது சின்னதாகத் தோன்றும். காலத்தை ஒன்றாக்கிப் பார்த்தால் அது இரண்டு மடங்கு. இரண்டு விழுக்காடுகளை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே காலத்துக்கு மாற்றுவது முதல் விதி.

அடுத்தது அடித்தொகை. இருசக்கர வாகனத்துக்கு 60,000 ரூபாய் கடன், 24 மாதத் தவணை, 12 விழுக்காடு 'ஃப்ளாட்' வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி 60,000 × 0.12 × 2 = 14,400. மொத்தம் 74,400, மாதத் தவணை 3,100. அதே 12 விழுக்காட்டை, குறைந்துவரும் நிலுவை மீது போட்டால் தவணை சுமார் 2,824 ரூபாய். மொத்த வட்டி சுமார் 7,786. விழுக்காடு ஒன்றே. வட்டியில் வித்தியாசம் 6,600 ரூபாய்க்கு மேல்.

ஏன் இப்படி என்பதை வரைபடம் ஒரே பார்வையில் காட்டும். கிடை அச்சில் மாதம், செங்குத்து அச்சில் நிலுவை. ஃப்ளாட் முறையில் 24 மாதமும் 60,000 ரூபாய் கடன் நிற்பது போலக் கணக்கிடுவதால் உருவம் செவ்வகம். உண்மையில் தவணை கட்டக் கட்ட நிலுவை இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போகிறது. அதன் உருவம் கிட்டத்தட்ட முக்கோணம். வட்டி என்பது அந்த உருவத்தின் பரப்பளவைப் பொறுத்தது. முக்கோணத்தின் பரப்பு செவ்வகத்தில் பாதி. ஆகவே ஃப்ளாட் விழுக்காட்டை ஏறக்குறைய இரட்டித்தால்தான் உண்மை விழுக்காடு வரும். துல்லியமாகப் போட்டால் இந்தக் கடனின் உண்மை வட்டி ஆண்டுக்குச் சுமார் 21.6 விழுக்காடு.

இதைக் கடன் வாங்குபவரே போட்டுப் பார்க்க வேண்டிய நிலையை இந்திய ரிசர்வ் வங்கி ஓரளவு மாற்றியிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிய சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். வட்டியும் பிற கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விழுக்காடு அதில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஓர் எண்ணைப் பார்ப்பது கடன் வாங்குபவரின் உரிமை.

தண்டல் கடனுக்கு அப்படித் தாள் எதுவும் கிடையாது. பத்தாயிரம் என்று பேசி, 1,500ஐ முன்கூட்டியே கழித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பதினைந்து விழுக்காடு வட்டி என்று சொல்லப்படும். கைக்கு வந்தது 8,500 மட்டுமே. நிலுவை நாள்தோறும் இறங்குவதால் சராசரி நிலுவை 4,300 ரூபாயை ஒட்டியே இருக்கும். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. ஆண்டுக்கு மாற்றினால் 120 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. கணக்குத் தெரிந்தவர்தான் அந்தச் சட்டத்தின் தேவையை முழுதாக உணர முடியும்.

இருபடிச் சமன்பாடு: வட்டிக்கு வட்டி

வட்டியும் மறுபடி கடனாகக் கொடுக்கப்பட்டால் தெரியாத எண் தன்னோடு தானே பெருகுகிறது. அங்கே இருபடிச் சமன்பாடு பிறக்கிறது. 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டியத்தின் கணிதப் பகுதியில் இந்த வகைக் கணக்குக்கு நேரடியாகவே ஒரு விதி இருக்கிறது. அதன் வடிவத்தில் ஓர் எடுத்துக்காட்டு: நூறு ரூபாய்க்கு ஒரு மாத வட்டி எவ்வளவு என்று தெரியாது. அந்த வட்டியை அதே வீதத்தில் நான்கு மாதம் கடனாக விட்டதில், வட்டியும் அதன் வட்டியும் சேர்ந்து 6 ரூபாய் ஆயிற்று. மாத வட்டி என்ன?

வட்டியை 'வ' என்று வைத்தால், அது நான்கு மாதத்தில் ஈட்டுவது வ × 4 × வ ÷ 100. ஆகவே:

வ + 4வ²/100 = 6

இருபுறமும் 25ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் வ² + 25வ − 150 = 0. காரணிப்படுத்தினால் (வ + 30)(வ − 5) = 0. விடைகள் −30, 5. மாத வட்டி குறை எண்ணாக இருக்க முடியாது; ஆகவே ஐந்து ரூபாய். சரிபார்ப்பு: 5 ரூபாய்க்கு மாதம் 25 காசு, நான்கு மாதத்துக்கு 1 ரூபாய், மொத்தம் 6. இதை வரைந்தால் கிடைப்பது பரவளையம். அது கிடை அச்சை வெட்டும் இரண்டு இடங்களில் எது வாழ்க்கைக்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதும் கணக்கின் ஒரு பகுதியே.

தமிழிலும் இப்படிப்பட்ட கணக்கு மரபு உண்டு. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் பற்றிய அன்றாடக் கணக்குகளைச் செய்யுளில் சொல்கிறது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தது களத்திலும் கடையிலும் உடனே பயன்படுத்தத்தான். வாழ்க்கைக் கணக்கும் பள்ளிக் கணக்கும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

சீட்டும் நகையும்

இருபது பேர், மாதம் 5,000, இருபது மாதம், ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. நடத்துபவரின் தரகு 5,000 என்று கொள்வோம். ஏலத்தில் போகும் தள்ளுத் தொகையை 'த' என்று வைத்தால் ஒவ்வொருவரும் அந்த மாதம் கட்டுவது:

5,000 − (த − 5,000)/20

தள்ளு பத்தாயிரம் கூடினால் தவணையில் 500 குறையும். வரைந்தால் இறங்கும் நேர்கோடு. முதல் மாதமே 30,000 தள்ளி எடுப்பவர் 70,000 பெறுகிறார். சீட்டு முடிய அவர் கட்டும் தவணை சராசரியாக 4,500 என்றால் மொத்தம் 90,000 கட்டுகிறார். அவருக்கு அது ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்குக் குறையாத வட்டியுள்ள கடன். கடைசி மாதம் எடுப்பவர் அதே 90,000 கட்டி, தரகு போக 95,000 பெறுகிறார். அவருக்கு அது ஆண்டுக்கு ஏழு விழுக்காட்டை எட்டாத சேமிப்பு. ஒரே சீட்டு, இரண்டு ஆட்கள், இரண்டு வேறு கணக்குகள். சீட்டில் சேர்வதற்கு முன், தான் எடுப்பவரா, சேர்ப்பவரா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டா என்பதையும் பார்க்க வேண்டும். 2019இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது தரகின் உச்சவரம்பு 5 விழுக்காட்டிலிருந்து 7 ஆக உயர்ந்தது.

நகைக் கடையிலும் இதே கேள்விதான். தங்கத்தின் விலை 'வி', சேதாரம் 12 விழுக்காடு, ஜி.எஸ்.டி. 3 விழுக்காடு என்றால் கட்டும் தொகை வி × 1.12 × 1.03, அதாவது 1.1536 × வி. 'சேதாரத்தில் 25 விழுக்காடு தள்ளுபடி' என்று பலகை இருந்தால், குறைவது விலையில் கால் பங்கு அல்ல. 12 விழுக்காட்டில் கால் பங்கு. சேதாரம் 9 விழுக்காடாகிறது, தொகை 1.1227 × வி. மொத்த பில்லில் குறைவது மூன்று விழுக்காட்டுக்கும் கீழே. ஒரு சவரன் என்பது எட்டு கிராம். அடுத்த கடையில் கிராம் விலையும் சேதாரமும் எவ்வளவு என்று கேட்டு இதே வரியில் போட்டுப் பார்த்தால், எந்தக் கடை மலிவு என்பது பலகையைப் பார்க்காமலே தெரியும்.

கணக்கைப் போடும் ஒழுங்கு

இந்தக் கணக்குகள் அனைத்துக்கும் ஒழுங்கு ஒன்றே. தெரியாத எண் எது என்று முடிவு செய்து அதற்கு ஓர் எழுத்தைக் கொடுக்க வேண்டும். விழுக்காடு வரும் இடத்தில் அதன் அடித்தொகையை எழுத வேண்டும். காலத்தை ஒன்றாக்க வேண்டும். தெரியாத எண்கள் எத்தனையோ, அத்தனை சமன்பாடுகளைத் தேட வேண்டும். இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே தாளில் வரைந்து, அவை வெட்டும் இடத்தையும் அறுபடும் இடத்தையும் பார்க்க வேண்டும். கடைசியில் விடையை முதல் வரியில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இதைச் சொல்லித்தர வேண்டிய இடம் பள்ளிக்கூடம். ஒருங்கமை சமன்பாடு நடத்தும் நாளில் கரும்பலகையில் இரண்டு மாதச் சம்பளச் சீட்டை எழுதிப்போட ஆசிரியருக்குத் தனி அனுமதி தேவையில்லை. துண்டுக் கோடுகளை வரையச் சொல்லும் நாளில் மாணவர் தம் வீட்டுக் கரண்ட் பில்லைக் கொண்டுவரட்டும். ஒரகடத்துக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சியைப் பள்ளி தர முடியாது. வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்கும் இது கைக்கு எட்டாத பாடம் அல்ல. ஒரு பென்சிலும் ஒரு வரைபடத் தாளும் போதும். யார் எந்த விழுக்காட்டைச் சொன்னாலும் 'எதன் மீது, எத்தனை காலத்துக்கு' என்று கேட்டு, பதிலைத் தன் கையால் எழுதிக் கணக்குப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.